அம்மாவை விட்டுச் சீக்கிரம் வந்த நாய்க்குட்டி: எந்தக் கோளாறுக்கு எதை முதலில் பார்ப்பது

ஏற்காடு அடிவாரத்தில் எனக்கு ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப். மலை இறங்கி வரும் வண்டிகளுக்கு பிரேக் ஷூ மாற்றுவதுதான் பாதி வேலை. இன்னொரு வேலை நான் கேட்டு வாங்கியதில்லை. பழைய டயர் அடுக்கியிருக்கும் மூலையில் இருட்டினதும் யாராவது அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் உள்ளே கண்கூடத் திறக்காத குட்டி ஒன்றோ இரண்டோ கிடக்கும். பத்து வருஷத்துக்கு மேலாக இதே கதை. பல குட்டிகள் பிழைத்து நல்ல வீடுகளுக்குப் போயின, சிலவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்தோம். வரும் கோளாறுகள் என்னவோ அதேதான் திரும்பத் திரும்ப. போனில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் என்ஜினைப் பிரிக்கிற மெக்கானிக்கிடம் யாரும் இரண்டாவது தடவை வண்டி விடமாட்டார்கள். இங்கேயும் வரிசை அதுதான். செலவில்லாததை முதலில் பாருங்கள், டாக்டர் கடைசியில். ஆனால் "உடனே டாக்டர்" என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் வரிசை பார்க்காதீர்கள்.

## முதல் கேள்வி: அம்மா எங்கே?

தெருக்குட்டி என்றால் அம்மா செத்துப்போயிருக்க வேண்டும் என்பதில்லை, தீனி தேடிப் போயிருக்கலாம். குட்டிகள் வயிறு நிறைந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கினால் அம்மா வந்துபோகிறது என்று அர்த்தம். எட்டி நின்று நாலைந்து மணி நேரம் பாருங்கள். மனுஷக் கை பட்டால் அம்மா சேர்க்காது என்பதெல்லாம் கதை. எடுத்த இடத்திலேயே வைத்தால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும்.

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி மூன்று குட்டிகளை ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்தார். "அம்மா எங்கப்பா?" என்று கேட்டேன். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் குலைச்சிக்கிட்டே நின்னுச்சுங்கண்ணா" என்றார். வண்டியைத் திருப்பச் சொன்னேன். நான் பார்த்ததிலேயே செலவில்லாத ரிப்பேர் அதுதான்.

காசு கொடுத்து வாங்கப் போகிறீர்களா? 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசு விதியே சொல்கிறது. "45 நாள் ஆச்சு சார், தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்று விற்பவர் சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறரை வாரம்தான். முன்பணம் கொடுத்திருந்தாலும் இன்னும் இரண்டு வாரம் அம்மாவிடமே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். கீழே எழுதியிருப்பதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

## அடுத்தது வயசு

கொடுத்தவர் சொல்லும் வயசை நம்பாதீர்கள். கண் மூடியிருந்தால் இரண்டு வாரத்துக்குள். கண் திறந்து, குடித்தவர் போலத் தள்ளாடி நடந்தால் இரண்டிலிருந்து மூன்று வாரம். ஈறை விரலால் தடவினால் முன்பற்கள் குத்துகின்றனவா? மூன்றிலிருந்து நாலு. பல் ஓரளவு முளைத்து, ஓடி விளையாடி, செருப்பை இழுத்தால் ஐந்து, ஆறு. இதைத் தெரிந்துகொண்டு கீழே போங்கள். எந்த வேளைக்கு எவ்வளவு பால், எந்த மருந்து என்பதெல்லாம் வயசையும் எடையையும் வைத்துத்தான். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும். தினம் ஒரே நேரத்தில் நிறுத்து, காலண்டரில் குறித்து வையுங்கள். பால் குடிக்கும் வயசில் ஒரு நாள் முழுக்க எடை ஏறவில்லை என்றாலே ஏதோ கோளாறு.

## அறிகுறி: கத்தல் நிற்கவில்லை

எனக்கு வரும் போனில் முக்கால்வாசி இதுதான், அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல். கத்தினால் பசி என்று நினைத்து உடனே பாலை நீட்டுகிறோம். தப்பு. முதலில் தொட்டுப் பாருங்கள்.

தொட்டால் சில்லென்று இருக்கிறது. சுண்டுவிரலை வாய்க்குள் விடுங்கள். வாயும் குளிர்ந்திருந்தால் பால் கூடவே கூடாது, உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் ஜீரணம் ஆகாது. சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்து, ஒரு மணி, இரண்டு மணி நேரம் எடுத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். ஹேர் டிரையர், அடுப்புப் பக்கம் எல்லாம் வேண்டாம். பிறகு பெட்டிக்குள் சுடுதண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். மறு ஓரம் காலியாக இருக்க வேண்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ளும். பல்பு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எல்.இ.டி. பல்பில் பேருக்குக்கூடச் சூடு வராது. ஒரு ராத்திரி முழுக்க அதை எரியவிட்டு, குட்டி கதகதப்பாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியவன் நான். காலையில் அது விறைத்துக் கிடந்தது. பிழைத்தது என் மனைவி தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டதால்தான்.

தொட்டால் கொதிக்கிறது, கால்களைப் பரப்பிக் கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது. நாகலூரிலிருந்து போன் வந்தால் குளிராக இருக்கும், அம்மாபேட்டையிலிருந்து வந்தால் வெக்கையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுதான், கோளாறோ நேர் எதிர். சேலத்தில் ஏப்ரல், மே மாதத்தில் சிமெண்ட் அட்டை போட்ட வீட்டில் பெட்டியை வைத்து மேலே போர்வையும் போர்த்தினால் உள்ளே இருப்பது அடுப்பு. தரைத் தளத்தில், காற்று வரும் மூலைக்கு மாற்றி, பாதத்தையும் வயிற்றையும் ஈரத் துணியால் ஒற்றுங்கள். ஐஸ் வேண்டாம். கண் திறக்காத குட்டிக்குப் பெட்டிக்குள் 30 டிகிரி தேவை, நாலு வாரத்தில் 25-26 போதும். சேலத்து மே மாதத்தில் அது தானாகவே கிடைத்துவிடும்.

உடம்பு சரியான சூடு, வயிறு ஒட்டியிருக்கிறது. இப்போதுதான் பசி. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

வயிறு கும்மென்று இருக்கிறது, மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டி. இந்த வயசில் தானாக ஒன்னுக்கு, ரெண்டுக்குப் போகத் தெரியாது. அம்மா நக்கினால்தான் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு தடவை பால் கொடுத்ததும் அடிப்பகுதியை மெதுவாகத் தடவுங்கள். அரை நிமிஷத்தில் வரும், வந்ததும் கத்தலும் நிற்கும். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் வராமல் இருந்தாலோ, வயிறு கல் மாதிரி இருந்தாலோ உடனே டாக்டர்.

எல்லாம் சரி, ஆனாலும் கத்துகிறது. குட்டியைப் புரட்டிப் பாருங்கள். காதுக்குள், விரல் இடுக்கில் உண்ணி, தோலில் தெள்ளு, பெட்டிக்குள் எறும்பு. பால் சிந்திய துணிக்குக் கட்டெறும்பு வரும். பெட்டியை முக்காலி மேல் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு சாக்பீஸ் போடாதீர்கள், குட்டி நக்கும். இதுவும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது தனிமை. பெட்டியைக் கட்டில் பக்கத்தில் வைத்து, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்குங்கள். "பழக்கம் ஆயிடும், கத்திக் கத்தி அடங்கட்டும்" என்று என் மாமா சொல்வார். எட்டு வார லாப்ரடாருக்கே அது சரிவராது, நாலு வாரக் குட்டிக்குச் செய்வது கொடுமை. வாரம் ஒரு முழமாகப் பெட்டியைத் தள்ளித் தள்ளி வையுங்கள், போதும்.

## அறிகுறி: பால் குடிக்க மாட்டேன் என்கிறது, அல்லது மூக்கு வழியாக வருகிறது

பசும்பாலோ பாக்கெட் பாலோ நாலு நாள் கூடத் தாங்காது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதிகம், இதில் சர்க்கரைச் சத்து அதிகம்; கழிச்சலில் கொண்டுபோய் விடும். நாய்க்குட்டிகளுக்கென்றே வரும் பால் பவுடர் பெரிய மெடிக்கல்களிலும் பெட் ஷாப்களிலும் கிடைக்கும். டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான் அளவு. கொஞ்சம் திக்காகக் கலக்கினால் சீக்கிரம் தேறும் என்று கலக்காதீர்கள்.

குடிக்க மறுத்தால் பால் ஆறிப்போயிருக்கிறதா பாருங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும். அப்புறம் நிப்பிள் ஓட்டை. பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒழுகினால் பெரிசு, அமுக்கினாலும் வராவிட்டால் சின்னது. அடுத்தது பிடிக்கும் முறை. மனுஷக் குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. குட்டி குப்புறப் படுத்து, தலையை லேசாகத் தூக்கித்தான் குடிக்கும். அம்மாவிடம் அப்படித்தானே குடித்தது. மல்லாக்கப் படுத்தால் பால் நுரையீரலுக்குப் போகும்.

மூன்றையும் சரிசெய்த பிறகும் மூக்கில் பால் வந்தால், வாயைத் திறந்து மேலண்ணத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் பிளவு தெரிந்தால் அது பிறவிக் கோளாறு, பாட்டிலில் கொடுக்கவே கூடாது. டாக்டரிடம் காட்டி குழாய் வழியாகக் கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பால் குடித்த பிறகு மூச்சில் கரகரச் சத்தம், இருமல், மூக்கில் சளி என்றால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டர்.

நாலு வாரம் ஆனதும் தட்டில் பழக்குங்கள். குட்டிகளுக்கென்று வரும் ஸ்டார்ட்டர் தீனியைப் பாலில் ஊறவைத்துக் கூழாகக் கொடுத்தால் முதலில் அதற்குள்ளேயே நடக்கும், பிறகு தின்னும். வெங்காயம் போட்ட சாம்பார் சாதம், திராட்சை, சாக்லேட் எந்த வயசிலும் வேண்டாம்.

## அறிகுறி: கழிச்சல்

குட்டி துறுதுறுவென்று இருக்கிறது, மலம் மட்டும் இளக்கம். பாலை மாற்றினீர்களா, அளவைக் கூட்டினீர்களா? ஒரு வேளைக்கு அளவைப் பாதியாக்கி, மீதியை வெதுவெதுப்பான ஓ.ஆர்.எஸ். தண்ணீராகக் கொடுங்கள். ஒரு நாளில் சரியாகும்.

வயிறு பானை மாதிரி, மேல்தோல் சொரசொரப்பு, மலத்தில் சேமியா மாதிரி. உருண்டைப் புழு. தாயின் வயிற்றிலிருக்கும்போதும் பாலிலும் வந்துவிடும், அதனால் தெருக்குட்டி எதுவாக இருந்தாலும் புழு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன். இரண்டு வார வயசிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, பிறகு மாதம் ஒருமுறை ஆறு மாதம் வரை. மருந்தின் பெயரைக் கேட்டு மெடிக்கலில் நீங்களே வாங்காதீர்கள். எடையை எழுதிக்கொண்டு போனால் மாட்டாஸ்பத்திரியிலேயே அளவு சொல்லித் தருவார்கள். அரிசி மாதிரி துணுக்குகள் மலத்தில் நெளிந்தால் நாடாப்புழு, அது தெள்ளால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

ரத்தம் கலந்திருக்கிறது, வாந்தி, சோர்வு, தாங்க முடியாத வாடை. ஒரு மணி நேரம்கூட வீட்டு வைத்தியம் வேண்டாம். பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். நாலைந்து நாள் டிரிப் ஏற்ற வேண்டிவரும், செலவு ஆயிரக்கணக்கில் போகும், அப்படியும் எல்லாம் பிழைப்பதில்லை. மனுஷருக்கான கழிச்சல் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் கூட்டிக்கொண்டு போனால் டாக்டருக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்தக் குட்டி இருந்த இடத்தில் ஃபினாயில் ஊற்றினால் பார்வோ சாகாது. பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். மண் தரையாக இருந்தால் தடுப்பூசி முடியாத அடுத்த குட்டியை அங்கே ஒரு வருஷத்துக்கு விடாதீர்கள். இதை மதிக்காமல் ஒரே மூலையில் இரண்டு குட்டிகளை வரிசையாகப் பறிகொடுத்தேன்.

தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வார இடைவெளியில் 16 வாரம் வரை. சீம்பாலே குடிக்காத குட்டி என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

## அறிகுறி: திடீரெனத் துவண்டுவிட்டது, நடுங்குகிறது

ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்து, விரலால் அழுத்தி எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பினால் ரத்த ஓட்டம் ஓடுகிறது. குட்டி சாப்பிட்டு ரொம்ப நேரம் ஆகியிருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கும். குளுக்கோஸ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, அல்லது தேனை, ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள். கூடவே சூடேற்றுங்கள். பத்து நிமிஷத்தில் தலை தூக்கினால் கொஞ்சம் பால். தூக்காவிட்டால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தால் தெள்ளோ, உண்ணியோ, கொக்கிப்புழுவோ ரத்தத்தைக் குடித்துத் தீர்த்திருக்கிறது. டாக்டர்தான். பார்த்துவிட்டு அவர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்தால் யோசிக்காதீர்கள், சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தலைவாசல் கல்லூரி கிட்டம். இந்த நிலைக்கு வருமுன் செய்ய வேண்டியது சுலபம். பேன் சீப்பால் வாரி, வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, உடனே துவட்டிவிடுங்கள். உண்ணியைப் பிளக்கரால் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பெரிய நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து, மண்ணெண்ணெய், கற்பூர எண்ணெய் எதையும் குட்டிமேல் தடவக் கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. களத்தில் காயும் காபிப் பழத்தைக் குட்டி மென்றால் நடுக்கமும் படபடப்பும் வரும், அதில் இருக்கும் கஃபீன் நாய்க்கு விஷம். எலி மருந்தும் அப்படித்தான். என்ன தின்றது என்று தெரிந்தால் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். காய்ச்சல் என்று நீங்கள் போடும் மாத்திரையில் அரையை உடைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கண்ணிலும் மூக்கிலும் சீழ், கூடவே தாடை பபிள்கம் மெல்லுவது போல் ஆடுகிறதா? டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, பழகிய ஆளையே அடையாளம் தெரியாமல் இருந்தால் வெறிநோயாக இருக்கலாம், வெறுங்கையால் தொடாதீர்கள். ஒரு அறைக்குள் அடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: கடி, கடி, கடி

உடம்புக் கோளாறெல்லாம் தாண்டிய பிறகு மிஞ்சும் கோளாறு இதுதான். நாலு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை குட்டிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டே இருக்கும். ஓங்கிக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். இந்தப் பாடம் நடக்கும் நேரத்தில்தான் உங்கள் குட்டி அட்டைப்பெட்டிக்குள் வந்துவிட்டது. அதற்கு அளவு தெரியாது.

'நட்டு' என்று ஒன்றை வளர்த்தோம். மாம்பழப் பெட்டியில் வைக்கோலோடு வந்தவன், மூன்று வாரம் இருக்கலாம். இரண்டு மாதம் ஆனபோது வீட்டில் எல்லாருக்கும் முழங்கைக்குக் கீழே கோடு கோடாகக் கீறல். என் மகள் பள்ளிக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். நான் முதலில் செய்தது எல்லாம் தப்பு. மூக்கில் சுண்டினேன், வாயைச் சேர்த்துப் பிடித்தேன். விளையாட்டு சூடு பிடித்தது என்றுதான் அவன் நினைத்தான்.

வேலை செய்தது இதுதான். பல் பட்டதும் "ஆவ்" என்று ஒரு குரல், உடனே எழுந்து, பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு அரை நிமிஷம் போய்விடுவது. திட்டு இல்லை, கண் பார்ப்பதில்லை. திரும்ப வந்து அதே விளையாட்டு. முதல் நாள் நாற்பது தடவையாவது எழுந்திருப்பேன். வீட்டில் எல்லாரும் இதையே செய்ய வேண்டும். ஒருத்தர் கையைக் கொடுத்து "கடிடா ராஜா" என்று கொஞ்சினால் போச்சு. எங்கள் வீட்டில் அந்த ஒருத்தர் என் அம்மா.

அப்புறம் மணி. பக்கத்து டீக்கடையில் இருக்கும் பத்து வயசுக் கிழவன், எல்லா ஊசியும் போட்டவன். நட்டுவுக்கு இரண்டாவது தடுப்பூசி போட்ட பிறகு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மணியை வீட்டுக்கே கூட்டி வந்தேன். நட்டு ஓடிப்போய் அவன் காதைக் கவ்வினான். மணி எழவில்லை. மேலுதட்டை மட்டும் ஒரு பக்கம் தூக்கிக் காட்டினான். நட்டுவுக்குப் புரியவில்லை, இன்னும் அழுத்தினான். சின்னதாக ஒரு உறுமல், முகவாயால் ஒரு தள்ளு, நட்டு மல்லாந்து விழுந்தான். மணி எழுந்து போய்ச் சுவர் ஓரமாகப் படுத்துக்கொண்டான். ஒரு நிமிஷம் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நட்டு, பிறகு தரையோடு தரையாக ஊர்ந்து போய் அந்தக் காதை நக்கினான். நான் பத்து நாளாகக் கதவைச் சாத்திச் சாத்திச் சொன்னதை அவன் பத்து விநாடியில் சொல்லிவிட்டான். உங்களுக்கும் அப்படி ஒரு பொறுமையான, தடுப்பூசி போட்ட நாய் தெரிந்தால் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

இவ்வளவும் செய்தும் குறையாவிட்டால்: சாயங்காலம் மட்டும் வெறி பிடித்த மாதிரி கடித்தால் அது தூக்கம். குட்டி ஒரு நாளைக்குப் பதினாறு, பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டும். பெட்டியில் விட்டு விளக்கை அணையுங்கள். நாலு மாதத்தில் மறுபடி ஆரம்பித்தால் பால்பல் விழுகிறது. ஈரத்துணியை முடிச்சுப் போட்டு ஃப்ரீஸரில் வைத்துக் கொடுங்கள். ஐந்து மாதத்துக்கு மேலும் தோல் கிழியக் கடித்தால், விளையாட்டு இல்லாமல் விறைத்து நின்று கடித்தால், முதலில் டாக்டர் வலி ஏதும் உண்டா என்று பார்க்கட்டும், அப்புறம் பயிற்சியாளர். அடித்துப் பழக்கும் பயிற்சியாளர் வேண்டாம்.

இன்னொன்று, இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். அம்மா யார் என்று தெரியாத தெருக்குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தால், "குட்டிதானே" என்று விடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி. 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் ஒன்றுகூட விடக்கூடாது. குட்டிக்கு அந்த ஊசி மூன்று மாதத்தில்.

## அறிகுறி: துணியை, காதை, விரலைச் சப்புகிறது

பால் மறக்குமுன் வந்த குட்டி போர்வை நுனியை முட்டி முட்டிச் சப்பும். பெரும்பாலும் விட்டுவிடலாம். நூலை விழுங்காத கெட்டித் துணி ஒன்றை அதற்கென்று கொடுங்கள். கூட்டாளிக் குட்டியின் காதையோ அடிப்பகுதியையோ சப்பினால் மட்டும் தனித்தனிப் பெட்டி, புண்ணாகிவிடும். துணியையே விழுங்கி வாந்தி எடுத்தால் டாக்டர்.

## அறிகுறி: எங்கே வேண்டுமானாலும் போய்விடுகிறது, தன் மலத்தையே தின்கிறது

தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போனதும் அங்கேயே ஒரு துண்டு தீனி. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, அதைக் கோபித்துப் பயனில்லை. மூக்கைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போகக் கற்றுக்கொள்ளும்.

மலம் தின்பதற்கு முதல் காரணம் அது அங்கே கிடப்பது. போன உடனே எடுங்கள். அடுத்தது பசி, அப்புறம் புழு. சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது, முக்குகிறது, ரத்தம் தெரிகிறது என்றால் சிறுநீர்ப் பாதையில் கிருமி, டாக்டர்.

## அறிகுறி: எதைக் கண்டாலும் பயம்

மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரை பார்த்ததெல்லாம்தான் அதற்கு உலகம். அந்த வாரங்களில் தடுப்பூசி முடியவில்லை என்று வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்தால், பார்வோ வராது, ஆனால் பெரிய நாயான பிறகு பைக் சத்தத்துக்கே ஒன்னுக்குப் போகும். நடுவழி இருக்கிறது. தரையில் விடாமல் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போங்கள். அடிவாரத்து பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடிக்காரர். மிக்ஸி ஓடும்போது தூரத்தில் நின்று தீனி. ஆடி மாதக் கோட்டை மாரியம்மன் திருவிழா மேளத்தை நாலு தெரு தள்ளி நின்று கேட்க வையுங்கள், கிட்டே கொண்டுபோகாதீர்கள். தின்னும் குட்டி பயப்படவில்லை, தின்ன மறுத்தால் நீங்கள் ரொம்பக் கிட்டப் போய்விட்டீர்கள். இதுதான் அளவுகோல்.

நாலைந்து மாதம் ஆகியும் உறைந்துபோய் நிற்கிறது, பயத்தில் கடிக்கிறது என்றால் தனியாகச் சமாளிக்காதீர்கள்.

## அறிகுறி: தட்டுப் பக்கம் போனால் உறுமுகிறது

பாலுக்கு முட்டிமோதிய குட்டியிடமும், பசியில் கிடந்த குட்டியிடமும் இதைப் பார்க்கலாம். தட்டைப் பிடுங்கி "யாரு பெரிசுன்னு காட்டறேன்" என்பது வேலைக்கு ஆகாது. எடுக்க வருகிறவன் என்றுதானே அது உறுமுகிறது. பக்கத்தில் நடந்துபோகும்போது தட்டில் இருப்பதைவிட நல்லதாக ஒரு துண்டு வேகவைத்த கோழியைப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். தினம் நாலைந்து தடவை. ஒரு வாரத்தில் நீங்கள் வருவதைப் பார்த்து வாலாட்டும். இரண்டு குட்டி இருந்தால் இரண்டு தட்டு, இரண்டு மூலை. சின்னக் குழந்தைகள் தட்டுப் பக்கமே போகக் கூடாது. எச்சரிக்காமல் பாய்ந்து கடித்தால் முதலில் சோப்புத் தண்ணீரும் அரசு மருத்துவமனையும். பயிற்சியாளரை மறுநாள் கூப்பிட்டுக்கொள்ளலாம்.